சுருக்குப்பையில் கிடந்த சாட்சி: சிங்கப்பூரின் டிரேஸ்டுகெதர் கருவி பற்றி ஒரு பயனாளரின் மதிப்பீடு

கோவிட்-19 காலத்தில் யார் யாரை நெருங்கினார்கள் என்பதைக் குறித்துவைக்கச் சிங்கப்பூர் அரசாங்கம் வழங்கிய சிறு கையடக்கப் பொருள்தான் டிரேஸ்டுகெதர் கருவி. அந்தக் கருவிகளை 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 13 முதல் மார்ச் 12 வரை சமூக மன்றங்களில் திருப்பிக் கொடுக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தபோது எங்கள் வீட்டில் இரண்டு கருவிகள் இருந்தன. என்னுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாவுடையது அவருடைய சுருக்குப்பையில், திருநீற்றுப் பொட்டலத்துக்கும் மடித்து வைத்த இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டுகளுக்கும் இடையே கிடந்தது. "அது பாட்டுக்கு இருக்கட்டும்ப்பா, என்னிடம் சோறா கேட்கிறது?" என்று சொல்லி அவர் தர மறுத்துவிட்டார். கட்டாயம் இல்லாததால் நானும் வற்புறுத்தவில்லை. இந்தக் கருவியைப் பற்றி அந்த நாள்களில் எழுந்த பேச்செல்லாம் ஒன்று அரசியலாக இருந்தது, இல்லையேல் மின்னணுவியலாக இருந்தது. ஈரச்சந்தைக்கும் கோவிலுக்கும் பலதுறை மருந்தகத்துக்கும் அதை எடுத்துச் சென்றவர்களின் கணக்கில் அது எப்படி நடந்துகொண்டது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் எண்ணம். அதனால் காலம் கடந்தாலும் இதை எழுதுகிறேன்.

டிரேஸ்டுகெதர் முதலில் கருவியாக வரவில்லை. 2020 மார்ச் 20ஆம் தேதி கைப்பேசிச் செயலியாக வந்தது. அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கும் சுகாதார அமைச்சும் சேர்ந்து அதை வெளியிட்டன. செயலியின் வேலை எளிமையானது. பக்கத்தில் இன்னொருவரிடம் அதே செயலி இருந்தால் இரண்டு கைப்பேசிகளும் புளூடூத் வழியாகத் தங்களுடைய தற்காலிக அடையாள எண்களைப் பரிமாறிக்கொண்டு, எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு வலுவான அலையுடன் சந்தித்தோம் என்பதைத் தத்தம் நினைவகத்தில் குறித்துவைக்கும். யாரும் பின்தொடர முடியாதபடி அந்த எண் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். உரியவருக்குத் தொற்று உறுதியானால் மட்டுமே அந்தக் குறிப்புகள் அமைச்சிடம் போகும். 25 நாள்களுக்கு முந்தைய குறிப்புகள் தாமாகவே அழிந்துவிடும். ஏட்டில் இது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐஃபோனில் செயலி திரையில் திறந்திருந்தால் ஒழிய புளூடூத் ஒழுங்காக வேலை செய்யாது என்ற சிக்கல் முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ரயிலில் ஒருவர் மற்றொரு செயலிக்குத் தாவிய கணத்தில் அவருடைய கைப்பேசி ஊமையாகிவிடும். ஆப்பிளும் கூகுளும் 2020 ஏப்ரல் 10ஆம் தேதி கூட்டாக அறிவித்த முறை இந்தச் சிக்கலைத் தீர்த்திருக்கும். ஆனால் அந்த முறையில் யார் யாரைச் சந்தித்தார் என்ற விவரம் சுகாதார அமைச்சின் கைக்கு வராது. தொற்றுத் தொடர்பைத் தேடும் அதிகாரிக்கு அந்த விவரம்தான் தேவை என்பதால் சிங்கப்பூர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. என் அம்மாவிடம் இருந்ததோ பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. அவருக்கு இந்த வாதங்களில் எதுவும் பொருந்தவில்லை. கைப்பேசியை நம்பி நடக்க முடியாத இந்த இடத்தில்தான் தனிக் கருவி பிறந்தது.

தனிக் கருவி ஒன்று வரப்போகிறது என்பதை அறிவார்ந்த தேசத் திட்டத்துக்குப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் டாக்டர் விவியன் பாலகிருஷ்ணன் 2020 ஜூன் தொடக்கத்தில் வெளியிட்டார். ஜூன் 28ஆம் தேதி, கைப்பேசிப் பழக்கம் இல்லாத முதியவர்களுக்கு முதல் தொகுதி வழங்கப்பட்டது. நாடு முழுவதும் சமூக மன்றங்களில் விநியோகம் தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி. முதல் 300,000 கருவிகளுக்கான ஒப்பந்தம் 6 மில்லியன் வெள்ளி. வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 20 வெள்ளி வருகிறது. நமக்கு அது இலவசமாகவே கிடைத்தது. அடையாள அட்டையைக் காட்டினால் போதும், பதிந்துவிட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

கருவியைக் கையில் வாங்கியவுடன் மனத்தில் பட்டது அதில் இல்லாதவைதான். திரை இல்லை, பொத்தான் இல்லை, மின்னேற்றக் கம்பி செருகும் துளை இல்லை. முகப்பில் ஒரு கியூஆர் குறியீடு, பின்னால் வரிசை எண், ஓரத்தில் கண் சிமிட்டும் சிறு விளக்கு, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு, அவ்வளவுதான். விளக்கு பச்சையாகச் சிமிட்டினால் நலம், சிவப்பாகச் சிமிட்டினால் மின்கலம் தீரப்போகிறது என்று பொருள். உள்ளே என்ன இருக்கிறது என்ற சந்தேகம் பலருக்கும் இருந்ததால், கவ்டெக் 2020 ஜூன் மாதத்தில் வெளியாள்கள் சிலரை அழைத்துக் கருவியைப் பிரித்துப் பார்க்க விட்டது. வன்பொருள் வல்லுநர் ஆண்ட்ரூ பன்னி ஹுவாங் அவர்களில் ஒருவர். பொதுத் துறையில் வாங்கப்பட்ட ஒரு பொருளைத் தெருவில் போகிறவர் கையில் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்வது எங்கும் அடிக்கடி நடப்பதில்லை. அந்த ஒரு செயலுக்காகவே நான் இதற்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுப்பேன். உள்ளே இடங்காட்டி (ஜிபிஎஸ்) இல்லை, வைஃபை இல்லை, கைப்பேசிக் கட்டமைப்போடு பேசும் பகுதியும் இல்லை என்பது தெரிந்தது. இதை நம்புவதற்கு வல்லுநர் பட்டம்கூடத் தேவையில்லை. இடங்காட்டி ஓடும் கைப்பேசிக்கு நாம் தினமும் மின்னேற்ற வேண்டியிருக்கிறது. மின்னேற்றமே இல்லாமல் மாதக்கணக்கில் ஓடும் சிறு மின்கலத்தை வைத்துக்கொண்டு ஒரு பொருள் நம்மை ஊர் முழுக்கத் தொடர்ந்து வர முடியாது என்பது வீட்டுக் கணக்கு.

அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது: "வெளியே போனால் பை உன்னோடு இருக்க வேண்டும்." அந்தப் பை எப்படியும் அவரோடுதான் இருக்கும். முதியவர்களுக்காக உருவாக்கப்படும் மின்னணுப் பொருள்களை அவ்வப்போது பார்த்துச் சலித்துப்போனவன் நான். பெரிய எழுத்து, பெரிய பொத்தான் என்று தொடங்கி, கடைசியில் கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா என்று கேட்கும் திரையில் வந்து நிற்காத பொருளை அதற்குமுன் நான் கண்டதில்லை. இதில் மறப்பதற்கு ஒன்றும் இல்லை. திறக்க வேண்டாம், மூட வேண்டாம், புதுப்பிக்க வேண்டாம். சோறு கேட்காத பொருள் என்று அம்மா சொன்னதைவிடப் பொருத்தமான பாராட்டை இதை வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

குறை அதே குணத்திலிருந்துதான் வருகிறது. பேசாத பொருள் செத்துவிட்டாலும் சொல்லாது. மின்கலம் தீரும்போது சிவப்பு விளக்கு சிமிட்டும் என்பது உண்மைதான். ஆனால் பைக்குள் கிடக்கும் விளக்கைப் பார்ப்பது யார்? மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவின் பையைத் திறந்து ஒரு நிமிடம் கருவியை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலையாயிற்று. பிற்பாடு, மின்கலம் தீர்ந்த கருவியைப் போட்டால் புதியதைத் தரும் இயந்திரங்கள் வந்தன. பானம் விற்கும் இயந்திரம்போல நின்ற அவை உண்மையிலேயே வசதியாக இருந்தன. ஒலி எழுப்பும் சிறு மணி ஒன்றை உள்ளே வைத்து, மின்கலம் தீரும் வாரத்தில் மட்டும் நாளுக்கொருமுறை கூப்பிடச் செய்திருக்கலாம் என்பது என் எண்ணம். கூடுதலாகச் சில காசு செலவாகியிருக்கும்.

முதல் சில மாதங்களில் கடை வாசலில் நுழைவதற்குச் சேஃப்என்ட்ரி என்ற வருகைப் பதிவைச் செய்ய, பணியாளர் கருவியின் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் படம்பிடிப்பார். சுருக்குப்பையிலிருந்து கருவியை எடுத்துக் கயிற்றின் சிக்கலை அவிழ்த்து நீட்டுவதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும். தொற்றைத் தவிர்க்க வந்த பொருள் வாசலில் கூட்டம் சேர்த்த வேடிக்கையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மளிகைக் கடை ஒன்றில், குறியீட்டின் மேல் மஞ்சள் கறை படிந்திருந்ததால் படிக்கவில்லை என்று அம்மாவை ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள். கறை எங்கள் வீட்டுக் கறைதான், கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. பிறகு வந்த சேஃப்என்ட்ரி கேட்வே பெட்டிகள் இந்தத் தொல்லையை ஒழித்தன. கருவியைப் பெட்டியின் அருகே காட்டினால் ஓர் ஒலி, ஒரு பச்சை அடையாளம், உள்ளே போகலாம். சில நாள்களில் பையையே பெட்டியின் முன் ஆட்டினால் போதும் என்பதை அம்மா தாமாகவே கண்டுபிடித்துவிட்டார். 2021 மே 17ஆம் தேதி முதல் செயலியோ கருவியோ இல்லாமல் பெரும்பாலான கடைத்தொகுதிகளிலும் உணவகங்களிலும் அலுவலகங்களிலும் நுழைய முடியாது என்ற விதி வந்தபோது, கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்து வாசலில் தடுமாறியவர்கள் என்னைப் போன்றவர்கள்தாம். அம்மா எங்கும் நிற்கவில்லை.

இனி முதன்மையான கேள்விக்கு வருகிறேன். பாதுகாப்பு இடைவெளியைக் காக்க இந்தக் கருவி உதவியதா? நேரடியாகக் கேட்டால், இல்லை. இரண்டு பேர் நெருங்கி நின்றால் இது எச்சரிக்காது, அதிராது, ஒளிராது. நெருங்கி நின்றோம் என்பதை மட்டும் எழுதிவைத்துக்கொள்ளும். அதே 2020இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் ராம்பிட் என்ற நிறுவனத்தின் கைப்பட்டையைத் தொழிலாளர்களுக்குக் கட்டிப் பார்த்தார்கள். அணிந்திருப்பவர்கள் அளவுக்கு மீறி நெருங்கினால் அது எச்சரிக்கும். இடைவெளிக் கருவி என்ற பெயருக்கு அதுவே பொருத்தமானது. ஆனால் துறைமுகத்தில் ஆளுக்கு ஆள் ஒதுங்கி நிற்க இடம் இருக்கிறது. லிட்டில் இந்தியா வட்டாரத்தில் உள்ள தேக்கா சந்தையின் மீன் கடை வரிசையில் அப்படியொரு பட்டையைக் கட்டிக்கொண்டு நின்றால், அது நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை கத்திக்கொண்டே இருந்திருக்கும். மூன்றாம் நாள் எல்லாரும் கழற்றி எறிந்திருப்பார்கள். ஐந்தரை மில்லியனுக்கு மேற்பட்ட மக்கள் நெருங்கி வாழும் தீவில், ஒதுங்க முடியாத நெருக்கத்தைக் கணக்கில் வைத்துக்கொள்வதே நடக்கக்கூடிய வழி என்று கருவியைத் திட்டமிட்டவர்கள் நினைத்திருந்தால், அந்த முடிவில் எனக்கு மறுப்பு இல்லை.

அந்த மாதங்களின் விதிகளை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 2020 மார்ச் இறுதியிலேயே பொது இடத்தில் ஒரு மீட்டர் இடைவெளி சட்டமாகிவிட்டது. உட்காரக்கூடாது என்று குறியிட்ட இருக்கையில் வேண்டுமென்றே உட்கார்ந்தால் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஏப்ரல் 22 முதல் கேலாங் செராய், சோங் பாங் உள்ளிட்ட நான்கு சந்தைகளில் அடையாள அட்டையின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து ஆளை உள்ளே விட்டார்கள். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நீடித்த நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்தில் ரயில் இருக்கைகளில் ஒன்று விட்டு ஒன்று ஒட்டுவில்லைகள் ஒட்டப்பட்டிருந்தன. ஜூன் 2இல் மக்கள் வேலைக்குத் திரும்பத் தொடங்கியதும் ஒட்டுவில்லைகளை எடுத்துவிட்டார்கள். எடுக்காமல் ரயிலை ஓட்ட முடியாது. ஒட்டுவில்லை போன இடத்துக்குத்தான் கருவி வந்தது. தோளோடு தோள் உரசிக்கொண்டு முகக்கவசத்துடன் அமர்ந்திருந்த இருவரும் ஒருவரையொருவர் அறியாமலேயே, அவர்களுடைய பைகள் ஒன்றையொன்று அறிந்துகொண்டிருந்தன.

அந்த அறிவும் முழுமையானதல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். புளூடூத்துக்குத் தூரத்தை அளக்கத் தெரியாது. அலை எவ்வளவு வலுவாக வந்து சேர்ந்தது என்பதிலிருந்து தூரத்தை ஊகிக்கிறார்கள். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர். அந்த அலைவரிசையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். எதிரெதிரே நின்று பேசும் இருவரின் கருவிகள் பின்பைகளில் இருந்தால் நடுவே இரண்டு உடல்கள் மறைக்கின்றன. அவர்கள் தொலைவில் இருப்பதாகவே கருவி கருதும். மெல்லிய சுவருக்கு இருபுறமும் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர்களை நெருங்கிய நண்பர்கள் என்று எழுதிக்கொள்ளும். காற்றோட்டமில்லாத அறையா, திறந்த வெளியா, முகக்கவசம் இருந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. டிரேஸ்டுகெதர் திட்டத்தைத் தலைமையேற்று நடத்திய ஜேசன் பே, மனிதரைக் கொண்டு செய்யும் தடமறிதலுக்குப் புளூடூத் முறை எதுவும் மாற்றாகாது என்று 2020 ஏப்ரலிலேயே வெளிப்படையாக எழுதினார். தாம் செய்த பொருளைப் பற்றி அதைச் செய்தவரே இவ்வளவு அடக்கத்தோடு பேசியது எனக்குப் பிடித்திருந்தது.

கூட்டத்தை முன்கூட்டியே தவிர்க்க உதவியவை வேறு. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் ஸ்பேஸ் அவுட் தளத்தில் எந்தக் கடைத்தொகுதியில் கூட்டம் அதிகம் என்பதை நிறங்களில் பார்த்துவிட்டு நான் புறப்பட்டிருக்கிறேன். கடைத்தொகுதிகள் தரும் தகவலைப் பொறுத்தே அதன் துல்லியம் இருந்தாலும், இடைவெளியைப் பொறுத்தவரை கருவியைவிட அதுவே எனக்கு அதிகம் பயன்பட்டது. பீஷான் அங் மோ கியோ பூங்காவில் 2020 மே மாதம் இரண்டு வாரச் சோதனையாக நடக்கவிட்ட பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் நாலுகால் இயந்திரத்தையும் சொல்ல வேண்டும். இடைவெளி விட்டு நிற்குமாறு பதிவு செய்த குரலில் அது கேட்டுக்கொண்டே போனது. அதைப் படம்பிடிக்க மக்கள் நெருங்கினால் என்ன செய்வது என்று நான் அப்போதே வீட்டில் சிரித்தேன்.

எனவே டிரேஸ்டுகெதரின் பயனை வேறோர் அளவுகோலால் அளக்க வேண்டும்: தொற்று உறுதியானபின் எவ்வளவு விரைவாக அடுத்தவரை வீட்டில் இருக்கச் சொல்ல முடிந்தது என்பதே அது. தொடர்புகளைக் கண்டறிய முன்பு சராசரியாக நான்கு நாள்கள் ஆனது; டிரேஸ்டுகெதரும் சேஃப்என்ட்ரியும் சேர்ந்து அதை ஒன்றரை நாளுக்குள் கொண்டுவந்துவிட்டதாக அதிகாரிகள் தெரிவித்தார்கள். நான்கு நாளில் ஒருவர் நான்கு முறை ரயில் ஏறி இறங்கியிருப்பார் என்பதால் இந்த இரண்டரை நாள் வேறுபாடு சிறியதன்று. எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை அறிவிப்பு வந்தது. கருவிக்கு இணையம் கிடையாது, அம்மாவுக்குக் குறுஞ்செய்தி படிக்க வராது. பதிவின்போது என் எண்ணைக் கொடுத்திருந்ததால் செய்தி எனக்கு வந்தது. நான் அலுவலகத்தில் இருந்துகொண்டு தொலைபேசியில் அவரை அழைத்து, எங்கும் போக வேண்டாம் என்று சொன்னேன். முந்தைய வாரம் எங்கே போனீர்கள், யாரோடு பேசினீர்கள் என்று கேட்டபோது அவர் கோவிலை மட்டும் சொன்னார். மருந்தகத்தை மறந்தே போயிருந்தார். பை மறக்கவில்லை. இந்த ஓர் இடத்தில்தான் கருவி தன் விலைக்கு உழைத்தது என்று உறுதியாகச் சொல்வேன். உடன் வாழும் மகனோ மகளோ இல்லாத முதியவருக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது எனக்கு அப்போதும் உறுத்தியது.

இவ்வளவு எழுதியபின் நான்கரை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்தப் பொருளோடு இன்னொன்றும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அது ஒரு வாக்குறுதி. கருவி வரப்போகிறது என்ற செய்தி வெளியானவுடனேயே அதை எதிர்த்து இணையத்தில் மனு எழுந்து பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். அதற்கு விடையாகக் கருவியில் இடங்காட்டி இல்லை, இணையத் தொடர்பு இல்லை, தரவு தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே பயன்படும் என்று அரசாங்கம் சொன்னது. அந்தச் சொல்லை நம்பித்தான் நான் அம்மாவின் பையில் அதைப் போட்டேன். 2021 ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விக்கு உள்துறைத் துணை அமைச்சராக இருந்த டெஸ்மண்ட் டான் விடையளித்தபோது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறைக்கு டிரேஸ்டுகெதர் தரவைப் பெற அதிகாரம் உண்டு என்று தெரியவந்தது. ஒரு கொலை வழக்கில் அது ஏற்கெனவே பெறப்பட்டிருந்ததும் வெளிவந்தது. முன்பு வாக்குறுதி தந்தபோது அந்தச் சட்டத்தைத் தாம் நினைத்துப் பார்க்கவில்லை என்று டாக்டர் விவியன் மறுநாள் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த நேரத்தில் சுமார் 78 விழுக்காட்டு மக்கள், அதாவது 4.2 மில்லியன் பேர், செயலியையோ கருவியையோ ஏற்றிருந்தார்கள்.

கொலைகாரரைப் பிடிக்கத் தரவு தரப்பட்டதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பெரும்பாலோர் கேட்டிருந்தால் சரி என்றே சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை என்பதுதான் வருத்தம். வன்பொருளைப் பிரித்துக் காட்டி நம்பிக்கையைச் சம்பாதித்த அதே குழு, சட்டப் புத்தகத்தையும் ஒருமுறை பிரித்துப் பார்த்திருந்தால் இந்தச் சறுக்கல் நடந்திருக்காது. பின்னர் வேகமாகத் திருத்தினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரி 2ஆம் தேதி நிறைவேறிய சட்டம், கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல் போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே இத்தரவைப் பயன்படுத்தலாம் என்று வரம்பு கட்டியது. மீறும் அதிகாரிக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். நல்ல சட்டம். கருவியோடு சேர்ந்து 2020 ஜூனிலேயே வந்திருக்க வேண்டிய சட்டம். அந்த ஜனவரியில் எனக்குத் தெரிந்த இருவர் வெளியே போகும்போது அலை வெளியே போகாதபடி கருவியைத் தகரப் பெட்டியில் போட்டு எடுத்துச் சென்றார்கள். தொற்றுநோய்க் கருவிக்கு அதைவிடப் பெரிய பழுது எதுவும் இல்லை. அதை எந்த மின்கலத்தாலும் சரிசெய்ய முடியாது.

இன்னொரு கூட்டத்தாரின் கையிலும் கருவி இருந்தது. தங்குவிடுதிகளில் வாழ்ந்த வெளிநாட்டு ஊழியர்களுக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் வேலை செய்தவர்களுக்கும் புளூபாஸ் என்ற கருவி தரப்பட்டது. டிரேஸ்டுகெதரோடு அது சேர்ந்து இயங்கும். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கணிசமானோர். எனக்கும் அம்மாவுக்கும் கருவி என்பது கடைத்தொகுதிக்கும் கோவிலுக்கும் திறவுகோலாக இருந்தது. அவர்களுக்கு அது பெரும்பாலும் வேலையிடத்துக்கும் விடுதிக்கும் இடையே மட்டும் செல்லுபடியானது. கருவியை ஒழுங்காக அணிந்திருந்தும், தேக்காவுக்கு ஒரு முறை வந்து போவதற்கு அவர்கள் 2021 செப்டம்பர் வரை காத்திருந்தார்கள். அப்போதும் வாரத்துக்கு 500 பேர் வரை மட்டுமே சோதனை முறையில் லிட்டில் இந்தியாவுக்கு அனுமதிக்கப்பட்டார்கள். ஒரே புளூடூத், ஒரே வேலை, ஆனால் பெற்ற பயன் வேறு. இந்தக் கருவிக்கு மதிப்பெண் போடும் எவரும் அந்த விடுதிகளில் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

2021 ஆகஸ்ட் முதல் உணவகத்தில் அமர்ந்து சாப்பிடத் தடுப்பூசி நிலையைக் காட்ட வேண்டியிருந்தபோது கருவி நுழைவுச்சீட்டாக மாறியது. அம்மாவின் கருவியைக் காட்டினாலே அவர் தடுப்பூசி போட்டவரா என்பது கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். தாள் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலையாமல் இருந்தது வசதிதான். ஆனால் சந்திப்புகளைக் குறித்துவைக்க வந்த பொருள் உணவங்காடி வாசலில் காவலாளாக நின்றதை நான் அரைமனத்தோடுதான் ஏற்றேன். ஆண்டு இறுதிக்குள் தொற்று எண்ணிக்கை உயர்ந்து, ஒவ்வொருவரின் தொடர்பையும் தேடுவதே பொருளற்றுப் போய்விட்டது. 2022 ஏப்ரல் 26 முதல் பெரும்பாலான இடங்களில் காட்டத் தேவையில்லை என்றார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா வழக்கம்போலச் சந்தை வாசலில் பையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அங்கே பெட்டி இல்லை.

அடையாளம் காட்டும் டிரேஸ்டுகெதர் தரவும் சேஃப்என்ட்ரி தரவும் அழிக்கப்பட்டுவிட்டதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தார்கள். 2020 மே மாதக் கொலை வழக்கு ஒன்றுக்குரிய தரவு மட்டும் வைத்துக்கொள்ளப்படும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். திருப்பிக் கொடுத்த கருவிகளைச் செப்பனிட்டு, தேவைப்பட்டால் மறுபடி பயன்படுத்துவோம் என்றும் அப்போது சொன்னார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் நான் மீண்டும் வரிசையில் நிற்பேன். கருவியைக் கையில் வாங்குவதற்குமுன் மூன்று கேள்விகள் கேட்பேன்: மின்கலம் தீர்ந்தால் ஒலி எழுப்புமா, தனியாக வாழ்பவருக்கு அறிவிப்பை யார் கொண்டுபோய்ச் சொல்வார்கள், தரவை யார் யார் எடுக்கலாம் என்ற சட்டம் எங்கே அச்சாகியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பையைத் திறந்து, பழைய பழக்கத்தில் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. திருநீறு மட்டும் கொஞ்சம் சிந்தி, கியூஆர் குறியீட்டின் மேல் படிந்திருந்தது.